செவிட்டு பாஸின் இரும்புக் கட்டில்

மன்னார்த் தீவில் தாராபுரத்துக்கு வந்து ஜெஸீம் மெக்கானிக்கின் வீடு எது என்று கேட்டால் ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். தொழில் தெரிந்தவனை பாஸ் என்கிற ஊர் இது; செவிட்டு பாஸ் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கையைக் காட்டும். இத்தனைக்கும் அவனுக்குக் காதில் ஒரு குறையும் கிடையாது. மதிலில் பூனை நடந்தால் திரும்பிப் பார்க்கிற காது அது. ஆனால் எங்கள் பக்கம் ஒருவனுக்குப் பட்டம் வைத்துவிட்டால் அது சந்தூக்கில் வைத்து அடக்கத்துக்குத் தூக்கிப் போகும் மட்டும் கூடவே வரும். அதை வைத்தவன் மறந்தாலும் ஊர் மறக்காது.

அந்தப் பட்டத்தை வைத்தவன் நுஃமான் முதலாளி. ஜெஸீம் ஏழு வருஷமாக ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்திக் கேட்டது பிள்ளை குட்டிக்கு நல்ல வாழ்வு, வாப்பா உம்மாவுக்கு மறுமை, அதோடு நுஃமானின் வாயால் ஒரே ஒரு உண்மை. முதல் இரண்டையும் அவசரமாகக் கேட்பான். மூன்றாவதற்குத்தான் ஆறுதலாக உட்காருவான்.

அவனுடைய பட்டறையின் நடுவில் ஒரு இரும்புக் கட்டில் கிடக்கிறது. ஏலத்தில் எடுத்த பழைய கட்டில். படுக்கிற தகட்டை வெட்டி எறிந்துவிட்டு, நான்கு காலையும் சிமெந்தில் புதைத்து, குறுக்கே தடித்த இரும்பு வைத்து வெல்டிங் பண்ணியிருக்கிறான். பழைய எஞ்சின் வாங்குகிறவர்கள் அதை வாகனத்தில் பூட்டுமுன் இங்கே கொண்டுவந்து கட்டிலில் ஏற்றி ஓட்டிப் பார்ப்பார்கள். அதற்கு அவன் வைத்திருக்கிற சட்டம் மன்னாரில் வேறெங்கும் இல்லை. எஞ்சின் முதல் நாள் பின்னேர அஸர் தொழுகைக்கு முன் வந்துவிட வேண்டும். இரவு முழுக்க அங்கேயே தூங்க வேண்டும். மறுநாள் காலை வெயில் ஏறுமுன் அவன் அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான். குளிர்ந்திருந்தால்தான் ஸ்ராட் பண்ணுவான். பிறகு நாற்பது நிமிஷம் ஓட விடுவான். ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சினிலும் பிடியைக் காதிலும் வைத்து, வைத்தியர் நெஞ்சு பார்ப்பதுபோல இடம் இடமாகக் கேட்பான். வெள்ளிக்கிழமையில் இந்த வேலையே கிடையாது. எவ்வளவு அவசரம் என்று கெஞ்சினாலும் கிடையாது.

ஏனென்றால் அவன் கெட்டது ஒரு வெள்ளிக்கிழமையில்தான்.

ஏழு வருஷத்துக்கு முன் ஜெஸீமுக்குச் சொந்தப் பட்டறை இல்லை. நுஃமானின் யாட்டில் வேலை செய்தான். கொழும்பிலிருந்து பழைய எஞ்சின்களை வரவழைத்து விற்கிற யாட் அது. அவனுடைய நானா, மூத்த அண்ணன் பவ்ஸானுக்கு ஒரு சின்ன லொறி இருந்தது. அதன் எஞ்சின் முடிந்துபோக, நுஃமானிடம் இருந்த ஒன்றைப் பார்த்தார். "தம்பி கேட்டுச் சொல்லட்டும், அவன் சரியெண்டா எனக்குச் சரி" என்றார். நுஃமான் நல்ல பிள்ளைபோலத் தலையாட்டினான். பார்ப்பதற்கு நாள் குறித்தவனும் அவன்தான். வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி.

ஜெஸீம் எஞ்சினில் கையை வைத்தான். சுட்டது.

"என்ன முதலாளி, சூடாயிருக்கு? ஓட்டினீங்களா?"

"டேய், வெளியில கிடந்த இரும்பு. மன்னார் வெயிலுக்கு முட்டை பொரிக்கலாம். குளிருமா?"

உண்மைதானே என்று அவனுக்குப் பட்டது. பங்குனி மாதத்து நண்பகலில் சைக்கிள் இருக்கையில்கூடக் குந்த முடியாத ஊர் இது. ஸ்ராட் பண்ணினான். முதல் சுழற்சியிலேயே பிடித்தது. புகை இல்லை, சத்தம் சுத்தம். ஒயிலைக் கழற்றிப் பார்ப்போம் என்று ஸ்பேனர் சாவியை எடுத்தபோது பள்ளியில் தொழுகைக்கு வாங்கு சொன்னார்கள். "ஜும்ஆவ விட்டுட்டு ஒயில் பாக்கப் போறியா?" என்று நுஃமான் தொப்பியைத் தலையில் வைத்தான். ஏழு நிமிஷம் ஓடிய எஞ்சினை நிறுத்திவிட்டு, கை கழுவி, நானாவிடம் "நல்ல எஞ்சின், பூட்டுங்க" என்று சொல்லிவிட்டுத் தொழப் போனான் ஜெஸீம். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை விழுந்தால் கீழே நிற்பவனுக்கு என்ன ஆகும் என்று யாரும் சொல்வதில்லை.

டீசல் எஞ்சினுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அதற்குத் தீப்பொறி தேவையில்லை. உள்ளே போவது எண்ணெயாக இருந்தால் போதும், எரித்துக்கொண்டு ஓடும். தேய்ந்த எஞ்சினுக்குத் தடித்த ஒயிலை அளவுக்கு மிஞ்சி ஊற்றினால் கொஞ்ச நேரம் புதுமாப்பிள்ளைபோல ஓடும். நன்றாகச் சூடேறியதும் அந்த ஒயில் இளகி, ஆவியாகி, மூச்சுக் குழாய் வழியே அதன் வாய்க்கே திரும்பிப் போகும். பிறகு இக்னிஷன் திறப்பை மூடினாலும் நிற்காது, டீசலை நிறுத்தினாலும் நிற்காது. தன் இரத்தத்தைத் தானே குடித்துக்கொண்டு வெடிக்கும் வரைக்கும் ஓடும். காற்று இழுக்கும் வாயை அடைத்தால்தான் அடங்கும்.

பூட்டிய ஒன்பதாம் நாள், முதல் முறையாக முழுப் பாரம் கருவாடு ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்குப் போன பவ்ஸானுக்கு மன்னார்ப் பாலத்தில் அதுதான் நடந்தது. லொறியை ஓரங்கட்டி, திறப்பைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டும் எஞ்சின் அலறியது. எப்படியாவது வாயை அடைக்க வேண்டும் என்று சாரத் துணியைச் சுருட்டிக் கையை உள்ளே விட்டார். சாரத்தை விசிறி பிடித்தது. சாரத்தோடு வலக்கையின் இரண்டு விரலையும் பிடித்தது.

தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை ஊரை விட்டுப் போகச் சொன்ன நாளில், கல்பிட்டிக்குப் போன வள்ளத்தில் ஆறு வயது ஜெஸீம் இரண்டு நாள் விடாமல் பிடித்துக்கொண்டு போனது அந்த இரண்டு விரலைத்தான்.

ஆஸ்பத்திரியில் பவ்ஸான் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "உன்ட சொல்லுக்குத்தான் நான் அத வாங்கினன்." அதற்குப் பிறகு தம்பியோடு பேசவில்லை. பெருநாளுக்கும் பேசவில்லை, உம்மா இறந்த மையத்து வீட்டிலும் பேசவில்லை.

ஜெஸீம் அந்த எஞ்சினைக் கழற்றிப் பார்த்தான். ஒயில் பனம்பாணிபோலத் தடித்து வழிந்தது. கதை முழுக்க விளங்கிவிட்டது. குளிர்ந்த எஞ்சின் இழுத்து இழுத்துப் பிடித்துத் தேய்வைக் காட்டிவிடும் என்று, அவன் வருமுன்பே நுஃமான் அதை ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறான், வெயிலின் மேல் பழியைப் போட்டிருக்கிறான். கை முழுக்க ஒயிலோடு பள்ளி வாசலுக்கே போய்க் கேட்டான். அஸர் முடிந்து இருபது முப்பது பேர் செருப்புப் போட்டுக்கொண்டிருந்த நேரம். நுஃமான் கோபப்படக்கூட இல்லை.

"எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்ல. கேட்ட காதுதான் செவிடு. ஒயில உன்ட நானா ஊத்தியிருப்பார்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் நுஃமானிடம் உதவி வாங்கினவர்கள், மீதிப் பேர் வாங்கப் போகிறவர்கள். அன்றிலிருந்து அவன் செவிட்டு பாஸ். அன்றே யாட்டை விட்டு விலகினான். கட்டிலைச் செய்தான், சட்டத்தைச் செய்தான். பிறகு ஒரு சாண் அகலப் பலகைக்கு ஒரு பக்கம் டயர்த் துண்டு ஒட்டி, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டான். எஞ்சின் பேயாகிவிட்டால் அதன் வாயில் அப்புவதற்கான பலகை. ஏழு வருஷத்தில் ஒரு தரமும் அது தேவைப்படவில்லை. ஆனால் தினமும் அதைத் துடைத்து வைத்தான்.

வேலை மெல்ல மெல்ல வந்தது. செவிட்டு பாஸ் என்று கேலி பண்ணினவர்களே எஞ்சினோடு வந்து நின்றார்கள். ஊர் அப்படித்தான். ஒருவனை நம்பவும் செய்யும், பட்டத்தையும் விடாது. ஜெஸீம் எல்லோருக்கும் சிரித்த முகம் காட்டினான். உள்ளே மட்டும் நெருப்பு அணையவே இல்லை. பள்ளியில் நுஃமான் முன்வரிசையில் நின்றால் இவன் பின்வரிசைக்குப் போவான், அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு தொழக் கூடாது என்று.

போன கச்சான் காற்றுக் காலத்தில் பேசாலையிலிருந்து நிறஞ்சலா வந்தாள். கரையில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, கூலர் வானில் வவுனியாவுக்கு அனுப்புகிறவள். ஆளைப் பார்த்தால் சாது, பேரம் பேசினால் தெரியும். அவளுடைய வானை நாலு வருஷமாக ஓட்டுவது பவ்ஸான். எட்டு விரல் டிரைவர் என்று கரையில் சொல்வார்கள், ஆனால் அவரைப்போல நேரத்துக்குப் போய்ச் சேருகிறவன் இல்லை. இப்போது வானின் எஞ்சின் படுத்துவிட்டது. பொருத்தமான எஞ்சின் தீவு முழுக்க ஒருவரிடம்தான் இருந்தது. நுஃமானிடம்.

"பாஸ், உங்கட கட்டிலிலை ஏத்திப் பாத்துத்தான் எடுப்பன் எண்டு முதலாளியிட்டைச் சொல்லிப்போட்டன்" என்றாள் நிறஞ்சலா. "நானாவுக்கு இது விருப்பமில்லை. முகத்தைத் தூக்கி வச்சிருக்கிறார். உங்கட வீட்டுச் சண்டையைப் பாத்துக்கொண்டிருந்தா என்ர மீன் நாறிப்போயிடும். அதோட, அந்த வானிலை போறது அவர்தானே. இன்னும் விரல் போனா எதாலை ஸ்டியரிங் பிடிக்கிறது?"

"முதலாளி என்ன சொன்னார்?"

"சிரிச்சார். செவிடனிட்டைக் கேக்கப் போறீங்களோ, கேளுங்கோ எண்டார். ஆனா ஒரு நிபந்தனை."

நிபந்தனை மறுநாள் எஞ்சினோடு லொறியில் வந்தது. செயின் புளொக்கில் தூக்கி எஞ்சினைக் கட்டிலில் இறக்கியதும், நுஃமான் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பெயின்ற் டப்பாவையும் தூரிகையையும் எடுத்தான். ஒயில் வடிக்கும் ஆணியில் ஒரு கோடு. ஒயில் ஊற்றும் மூடியில் ஒரு கோடு. மூச்சுக் குழாயை எஞ்சினின் வாயோடு இறுக்கியிருந்த வளையத்தில் ஒரு கோடு.

"இதில ஒண்டும் அசையப் படாது. என்மேல உனக்குப் பகை எண்டு ஊருக்கே தெரியும். ராவைக்கு மண்ணள்ளிப் போட்டுட்டு நாளைக்கு எஞ்சின் பழுது எண்டு சொல்லுவாய். நான் ஊத்தின ஒயில், நான் பூட்டின குழாய், அப்பிடியே ஓடோணும். விளங்குதா?"

"விளங்குது முதலாளி."

 எப்போதும் ஜெஸீம் முதலில் செய்வது அந்த மூச்சுக் குழாயைக் கழற்றி, அதன் வாயில் கையை வைத்து எஞ்சினின் மூச்சைப் பார்ப்பதுதான். தேய்ந்த எஞ்சினுக்கு மூச்சு வாங்கும், கையைத் தள்ளும். நுஃமான் கோடு போட்டு மறித்தது சரியாக அந்த இடத்தை. தடித்த ஒயில் நாற்பது நிமிஷத்தைக் கடத்திவிடும் என்பது அவன் கணக்கு. நுணலும் தன் வாயால் கெடும். இந்த நுணல் பெயின்ற் வேறு அடித்துக் கெட்டது.

நுஃமான் போன பிறகு, கோடு விழாத ஒன்றே ஒன்றை ஜெஸீம் தொட்டான். ஒயில் அளக்கிற கம்பி. உருவிப் பார்த்தான். அளவுக் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் உயரத்துக்கு ஒயில் நின்றது. கம்பியின் நுனியிலிருந்து அது சொட்டவில்லை, தொங்கியது. அதே பனம்பாணி. ஏழு வருஷத்தில் அந்த மனிதன் ஒரு புதுத் திருட்டுக்கூடப் பழகவில்லை.

இந்த இடத்தில் ஒரு நேர்மையான மெக்கானிக் என்ன செய்ய வேண்டும்? நிறஞ்சலாவுக்கு ஒரு கோல் எடுத்து, தங்கச்சி, இது வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஜெஸீம் போனைக் கையில் எடுக்கவும் செய்தான். ஆனால் சொன்னால் என்ன நடக்கும்? பகையில் சொல்கிறான் என்பான் நுஃமான். ஊர் தலையாட்டும். பவ்ஸான் அதையே நம்புவார். ஏழு வருஷமாக அவன் சொல்லுக்கு மதிப்பில்லை. எஞ்சின் வாய் திறந்து சொன்னால் மட்டும்தான் உண்டு.

போனை வைத்துவிட்டான். கம்பியைத் துடைத்துப் பழையபடி செருகினான். பிறகு சுவரில் இருந்த பலகையை எடுத்து, ஆணியைப் பிடுங்கி, கட்டிலுக்குக் கிட்டவாக, கை நீட்டினால் எட்டுகிற தூணில் அடித்து மாட்டினான்.

தேத்தண்ணி கொண்டுவந்த றிஸ்மினா அதைப் பார்த்தாள். பதினாறு வருஷம் அவனோடு வாழ்ந்தவள். ஒன்றும் கேட்காமலே விளங்கிக்கொண்டாள்.

"பழி வாங்கிறத அல்லாஹ்ட விடுங்க."

"விட்டுத்தானே இருந்தன் புள்ள, ஏழு வருஷமா. அவன் எனக்கு எஞ்சின அனுப்பியிருக்கான்."

அவள் கோப்பையை வைத்துவிட்டுப் போனாள். 

காலை ஆறரைக்கு எல்லோரும் வந்தார்கள். கச்சான் காற்று அப்போதே மணலை வாரிக்கொண்டிருந்தது. நிறஞ்சலா ஒரு கதிரை போட்டு உட்கார்ந்தாள். நுஃமான் வெள்ளைச் சட்டையோடு, பள்ளியால் கூட்டி வந்த நாலைந்து பேரோடு வந்தான். செவிடன் மறுபடி கேவலப்படுவதைப் பார்க்க ஆள் வேண்டுமல்லவா? பவ்ஸான் உள்ளே வரவில்லை. படலைக்கு வெளியே, அங்கே வழக்கமாக நிற்கிற கழுதைகளுக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி நின்றார்.

ஜெஸீம் உள்ளங்கையை வைத்தான். குளிர்ந்திருந்தது. சிவப்புக் கோடு மூன்றையும் எல்லோருக்கும் காட்டினான். அசையவில்லை என்று நுஃமானே தன் வாயால் சொன்னான். தண்ணீர்க் குழாய், டீசல் கேன், பற்றறி எல்லாம் பூட்டியாயிற்று.

"அக்சிலேற்றர் கம்பிய நீங்களே பிடிங்க முதலாளி. நான் பிடிச்சா அதுக்கும் ஒண்டு சொல்லுவீங்க."

நுஃமான் சிரித்துக்கொண்டு வந்து எஞ்சினின் தலைமாட்டில் நின்றான். கம்பியைக் கையில் எடுத்தான்.

முதலில் இழுத்து இழுத்து, பிறகு ஒரு குலுக்கலோடு எஞ்சின் பிடித்தது. கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து ஓய்ந்தது. பத்து நிமிஷம் நன்றாகவே ஓடியது. நுஃமான் கூட்டாளிகளைப் பார்த்துக் கண்ணடித்தான். ஜெஸீம் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்தான். உள்ளே, சத்தங்களுக்கு அடியில், மெல்லிய ஒரு உறிஞ்சல் கேட்டது. குழந்தை பால் குடிக்கிற மாதிரி.  இருபதாவது நிமிஷத்தில் புகை நீலமாகியது.

"கொஞ்சம் கூட்டிப் பிடிங்க முதலாளி. வவுனியா றோட்டில போறமாதிரி."

நுஃமான் கம்பியை இழுத்தான். எஞ்சின் ஏறியது. கம்பியை விட்டான். எஞ்சின் இறங்கவில்லை. இன்னும் ஏறியது.

ஜெஸீம் ஒழுங்காகக் குனிந்து டீசல் குழாயைப் பிடுங்கி எறிந்தான். அது நிற்காது என்று அவனுக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்றுதான் எறிந்தான். டீசல் இல்லாமல் எஞ்சின் கத்திக்கொண்டு போனது. கத்தல் அலறலாகியது. கட்டில் சிமெந்தோடு சேர்ந்து நடுங்கியது. பட்டறை முழுக்க நீலப் புகை. பள்ளியால் வந்தவர்கள் செருப்பையும் விட்டுவிட்டு ஓடினார்கள். நிறஞ்சலா, மாதாவே என்று கதிரையைத் தள்ளிவிட்டு மதிலோரம் போனாள். நுஃமானுக்கு மட்டும் ஓட வழியில்லை. அவனுக்குப் பின்னால் சுவர், ஒரு பக்கம் எஞ்சின், மற்றப் பக்கம் ஜெஸீம்.

ஜெஸீம் பலகையை எடுத்தான். எடுத்தவன் அப்பவில்லை. நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சொல்லுங்க!" என்று கத்தினான். "அண்டைக்குச் சூடு வெயிலா? வெயிலா முதலாளி?"

அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. நுஃமானின் வாய் திறந்து திறந்து மூடியது. அதுவும் கேட்கவில்லை. ஏழு வருஷம் காத்திருந்த வாக்குமூலம் கண்ணுக்கு முன்னால் வந்துகொண்டிருக்கிறது, ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. ஆனால் அந்த முகம் தெரிந்தது. பள்ளி வாசலில் சிரித்த முகம் இப்போது வியர்த்துக்கொண்டிருந்தது, நுஃமான் கையெடுத்துக் கும்பிட்டான். பொய் சொல்லக் கூடாது, ஜெஸீமுக்கு அது இனித்தது. இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும்போல இருந்தது. வெடித்தால் அவனும்தான் சாவான், அது அந்த நேரம் ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை.

அப்போது புகைக்குள்ளால் ஒரு கை வந்தது. மூன்று விரல் கை. சுருட்டிய சாரத்தோடு எஞ்சினின் வாயை நோக்கிப் போனது.

பவ்ஸான் படலையைத் தாண்டி எப்போது ஓடி வந்தார் என்று ஜெஸீம் காணவில்லை. விசிறிக்கும் அந்தக் கைக்கும் இடையில் ஒரு சாண்தான் இருந்தது. ஜெஸீம் தோளால் நானாவை இடித்துத் தள்ளி, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டுப் பலகையை அப்பினான். டயர்த் துண்டை எஞ்சின் உள்ளே இழுத்தது, திணறியது, இரண்டு தரம் உதைத்தது, நின்றது.

சத்தம் நின்றது. நுஃமான் நிற்கவில்லை. எஞ்சினுக்கு மேலால் கேட்க வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவனுக்கு எஞ்சின் நின்றதே உறைக்கவில்லை.

"நான்தான் சூடாக்கி வச்சனான்! வெயில் இல்ல! ஒயில நான்தான் ஊத்தினன், அண்டைக்கும் நான்தான்! மூடுடா, அல்லாஹ்வுக்காக மூடு!"

தாராபுரம் முழுக்கக் கேட்டிருக்கும். மதிலுக்கு வெளியே நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே எட்டிப் பார்த்தார்கள். நுஃமான் அவர்களைக் கண்டான், வாயைப் பொத்தினான். பொத்தி என்ன? எஞ்சினில் சிவப்புக் கோடு மூன்றும் அப்படியே இருந்தன, ஒரு மயிரிழை விலகவில்லை. யாரோ மண்ணள்ளிப் போட்டார்கள் என்று சொல்ல அவனே தனக்கு இடம் வைக்கவில்லை. வெள்ளைச் சட்டையெல்லாம் ஒயில் துளியோடு, யாரையும் பாராமல் வெளியே போனான்.

ஜெஸீம் திரும்பி நானாவைப் பார்த்தான். கேட்டீங்களா என்று கேட்க வாய் வந்தது. ஏழு வருஷம் அந்த ஒரு நிமிஷத்தைத்தான் அவன் நூறு விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறான். நானா அழுவார், கட்டிப்பிடிப்பார் என்றெல்லாம்.

பவ்ஸான் நிலத்திலிருந்து எழும்பிச் சாரத்தை உதறினார். மூச்சு வாங்கியது.

"எவ்வளவு நேரம் அந்தப் பலகைய வச்சுக்கொண்டு நிண்டாய்?" என்றார்.

ஜெஸீம் பலகையை எஞ்சினின் வாயிலிருந்து பிடுங்கித் தூணில் மாட்டினான்.

"நான் படலையில நிண்டு பாத்தன். உன்ட கையிலதான் இருந்தது. எடுத்தவன் அடைப்பாய், அடைப்பாய் எண்டு பாத்தன். நீ அடைக்கல்ல." தன் கையைத் தூக்கிப் பார்த்தார். "உன்ட காதில பிழை இல்ல. அது இண்டைக்கு ஊருக்கே தெரியும். நான்தான் அநியாயமாப் பேசாம இருந்திட்டன், மன்னிச்சுக்கொள். ஆனா இத நான் கண்டன்."

சொல்லிவிட்டு வெளியே நடந்தார். நிறஞ்சலா போகும்போது விழுந்து கிடந்த கதிரையை மட்டும் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

அன்று ஜெஸீம் சாப்பிடவில்லை. வென்றவன் பசியோடு இருப்பான் என்று யார் சொன்னார்களோ தெரியாது. அவனுக்குக் கண்ணை மூடினால் நுஃமானின் கும்பிட்ட கை வரவில்லை. ஒரு சாண் தூரத்தில் நின்ற மூன்று விரல்தான் வந்தது.

பத்து நாளைக்குப் பிறகு நிறஞ்சலா வவுனியாவிலிருந்து வேறொரு எஞ்சின் எடுப்பித்தாள். அதுவும் கட்டிலில் ஒரு இரவு தூங்கியது. காலையில் பவ்ஸான் வந்தார். படலையில் நிற்கவில்லை, நேரே உள்ளே வந்தார். தூணில் தொங்கிய பலகையைக் கழற்றி, டயர்த் துண்டைத் தட்டிப் பார்த்து, எஞ்சினின் வாய்க்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"நீ காத வை" என்றார். "பலகை என்ட கையில இருக்கட்டும்."

ஜெஸீம் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்தான். நல்ல எஞ்சின்தான், உள்ளே எந்த உறிஞ்சலும் இல்லை. அவன் அதைச் சொல்லவும் சொன்னான். பவ்ஸான் தலையாட்டினார். ஆனால் நாற்பது நிமிஷமும் முடியும் மட்டும் அவர் பலகையைக் கீழே வைக்கவில்லை.